டீக்கடையில் பாடம் படித்த ஒன்பது போன்கள்

அரவேணு பக்கம் சாலை சட்டென்று மேலேறித் திரும்புகிற ஒரு வளைவில் சின்ன டீக்கடை உண்டு. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஜாடியில் வர்க்கி பிஸ்கட். அன்றைக்குப் பனி இறங்கி, எதிரே இருந்த தேயிலைச் சரிவு பாதிதான் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு இஞ்சி டீ சொல்லிவிட்டு உள்பெஞ்சுக்குப் போனேன். அங்கே எனக்கு முன்பே நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

பெஞ்சில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் ஒன்பது செல்போன்களை வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள் ஒரு பெண். ஒன்பதிலும் பட்டுப்புடவை கட்டிய நான். ஒரு போனில் நான் "பொதுமக்கள்" என்னும்போது அடுத்ததில் "நம்மிடம்" என்றேன், அதற்கடுத்ததில் "வரும்போது" என்றேன். என் குரலை ஒன்பது மடங்கு கேட்கிற தண்டனை எதிரிக்கும் வரக்கூடாது.

அந்தப் பெண் இடது கையால் திரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வலது கையால் தயிர்சாதம் சாப்பிட்டாள். நான் மப்ளரை மூக்குவரை சுற்றியிருந்தேன். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்னம்மா இது, போன் கடையா?" என்றேன்.

"ஆபீஸ் பாடமுங்க. எல்லாரும் படிச்சாகணும்னு மேல இருந்து உத்தரவு. எங்க ஆபீஸ் பள்ளத்துல இருக்குது, கல்லுக் கட்டடம். அங்க சிக்னல் ஒரு கோடுகூட வராதுங்க. அதான் மத்தியானம் போனையெல்லாம் நான் மேல ஓட்டிட்டு வந்துருவேன்."

மாடு மேய்க்கக் கொண்டுவந்தவள் மாதிரி சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

"பாடம் எப்படி இருக்கு?"

"இந்தம்மா நல்லாத்தானுங்க சொல்றாங்க. ஆனா இழுத்து இழுத்துப் பேசுறாங்க. ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டினாத்தான் மனுசன் கேக்க முடியும். நீங்க எங்கீங்க போறீங்க?"

"உங்க ஆபீஸுக்குத்தான்" என்று மப்ளரை இறக்கினேன்.

தயிர்சாதக் கை பாதி வழியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். ஒன்பது போன்களும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் கனிவான அணுகுமுறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

கோயம்புத்தூர்ப் பயிற்சி

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். நான் மத்திய அரசுத் துறை ஒன்றில் பயிற்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வூதியம், சேமிப்பு என்று சனங்கள் கையில் காகிதத்தோடு வந்து நிற்கிற துறை. பெயர் வேண்டாம். குன்னூரில் வீடு, நீலகிரி முழுக்க என் வட்டாரம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பயிற்சி என்றால் கோயம்புத்தூருக்கு இறங்குவது. மலையிலிருந்து போகிறவர்களுக்குக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. காலையில் பிஸ்கட், மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு 'கோப்புகளைப் பராமரித்தல்'. அந்த வகுப்பில் விழித்திருந்தவரை நான் பார்த்ததில்லை, வகுப்பு எடுத்தவரையும் சேர்த்துத்தான். கடைசி நாள் குரூப் போட்டோ.

லவ்டேலிலிருந்து வந்த தலைமை எழுத்தர் ஒருவரிடம், "என்ன சார் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "ஸ்வெட்டர் நம்ம ஊரைவிட இங்க சல்லிசுங்க" என்றார். இத்தனை வருஷத்தில் பயிற்சியைப் பற்றி நான் கேட்ட நேர்மையான கருத்து அதுதான்.

யாரை அனுப்புவது என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆபீஸில் யார் இல்லாவிட்டால் வேலை நிற்காதோ அவரை அனுப்புவார்கள். அவர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யாமல் இருப்பார். வேலை தெரிந்தவருக்குப் பயிற்சியே கிடைக்காது. ஓய்வு பெறும்வரை கோயம்புத்தூர் பாயசத்தைப் பார்க்காத நல்ல எழுத்தர்கள் எனக்குத் தெரியும்.

அதனால்தான் புதிய முறை வந்தபோது நான் முழு மனசோடு அதன் கட்சியில் சேர்ந்தேன். இந்த வேலைக்கு என்ன தெரிய வேண்டும், இவருக்கு என்ன தெரியும், நடுவில் என்ன குறைகிறது, அதைச் சொல்லிக்கொடு. கடைநிலை ஊழியர் முதல் இயக்குநர்வரை எல்லோரும் படிக்க வேண்டும். பாடம் போனில் வீடியோவாக வரும், அதில் பேசுவது நான்; தேர்வும் போனில். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன். பள்ளத்தில் இருக்கிற கல்லுக் கட்டடத்தை மட்டும் ஏற்பாடு செய்தவர்கள் யாரும் வந்து பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் போட்ட கொக்கி

நான் அன்று அங்கே போனதே ஒரு புகாரை விசாரிக்கத்தான். புகார் சொன்னது மனிதர் இல்லை, தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர். அந்த மலை ஆபீஸின் ஒன்பது ஊழியர்களும் எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் முடித்திருக்கிறார்கள். தேர்விலும் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் ஒன்பது பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள்.

கோவையில் இருந்த எங்கள் இயக்குநர் வயதில் என்னைவிடச் சின்னவர். சுறுசுறுப்பு, கெட்டிக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "யாரோ ஒருத்தர் எல்லாருக்கும் எழுதியிருக்காங்க மேடம். ஆள்மாறாட்டம். போய் யாருன்னு பேரை மட்டும் எழுதிக் குடுங்க" என்றார்.

பெயர்தான் டீக்கடையிலேயே கிடைத்துவிட்டதே. கலைச்செல்வி. இளநிலை எழுத்தர். தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டிய நேரம். ஆள்மாறாட்டம் என்று நான் ஒரு வரி எழுதினால் போதும், விசாரணைகூட வேண்டாம்.

டீக்கடையிலிருந்து ஆபீஸுக்கு இறங்குகிற பாதையில் அவள் போன்களைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. பாதி வழியில் தானே ஆரம்பித்தாள்.

"நான் திருடலைங்க மேடம். எல்லாரும் தெரிஞ்சுதான் குடுத்தாங்க."

"தெரிஞ்சு குடுத்தா சரியாயிடுமா? அடுத்தவங்க பரிட்சைய நீ எழுதலாமா?"

"எழுதலைன்னா எங்க ஆபீஸ் பட்டியல்ல கடைசியில நிக்குங்க. அதுக்கும் திட்டுவீங்கல்ல."

வாய். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் சொல்லத் தெரியாததால் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"வேலை போயிடும், தெரியுமா?"

பையை மறு தோளுக்கு மாற்றினாள். "தெரியுங்க. எங்கம்மா இன்னும் கூலிக்குத்தான் இலை பறிக்குது. போதும், ஊட்டுல இருன்னா கேக்காது. உன் வேலை நெலைக்கட்டும், அப்புறம் பாக்கலாங்குது. நானும் அதுக்குத்தாங்க நாளை எண்ணிட்டிருந்தேன்."

கை கழுவிய கண்காணிப்பாளர்

ஆபீஸ் கண்காணிப்பாளர் பெயர் துரைசாமி. மேட்டுப்பாளையத்துக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்து, டீ சொல்லி, மழையைப் பற்றி விசாரித்தார். பின்னால் சாப்பாட்டுப் பையோடு கலைச்செல்வி நின்றதைப் பார்த்ததும் மழை நின்றுவிட்டது.

"உங்க போன் எங்க சார்?" என்றேன்.

மென்று முழுங்கினார். "அந்தப் பொண்ணுதானுங்க மேடம், நான் படிச்சுக் குடுக்கறேன்னு எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கிட்டுப் போகுது. நாங்க வேண்டாம்னுதான் சொன்னோம். சின்னப் புள்ள, ஆசைப்படுதேன்னு உட்டுட்டோமுங்க."

கலைச்செல்வி பையிலிருந்து அவர் போனை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். உறைகூட மாட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள்.  வழியெல்லாம் வாயாடியவள் அங்கே பேசாமல் நின்றது எனக்கு என்னவோ செய்தது.

மற்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிட்டது. குனிந்த தலை நிமிரவில்லை. அரசாங்க ஆபீஸில் ஒருவரைப் பலி கொடுக்க ஒருவரும் கத்தி எடுக்க வேண்டியதில்லை. எல்லோரும் கொஞ்சம் குனிந்துகொண்டால் போதும்.

அறிக்கையை அங்கேயே எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் கவுண்ட்டரில் ஒரு சின்ன விஷயம் நடந்தது.

தேவர்சோலைப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு வயசான அம்மா, ஓய்வூதிய விஷயமாக வந்து நின்றார். காது சரியாகக் கேட்காது போல. கவுண்ட்டரில் இருந்தவர் போஜன், படகர், அந்த ஆபீஸிலேயே மூத்தவர். முன்பெல்லாம் அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "நம்பர் சொல்லுங்க, நம்பர்" என்று கத்துவது ரோட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு அவர் எழுந்து, கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அந்த அம்மா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, காதருகே மெதுவாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

'ஒருவரின் சொந்த விவரத்தை ஊருக்குக் கேட்கும்படி கேட்காதீர்கள்' என்பது என் மூன்றாவது பாடம். அந்தப் பாடத்தை போஜன் பார்த்ததே இல்லை. அவர் போன் டீக்கடையில் அல்லவா படித்துக்கொண்டிருந்தது?

பேனாவை மூடினேன்.

ஒவ்வொருவராக வாருங்கள்

"கவுண்ட்டர் சாத்தினதும் எல்லாரும் இருக்கணும். பரிட்சை. போன் கிடையாது, பேப்பர் கிடையாது, வாயால பதில் சொல்லணும்" என்று அறிவித்தேன். துரைசாமி முகத்தில் ஈயாடவில்லை.

பழைய கட்டுகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒரே ஜன்னல். அதன் வழியாக எங்கோ கீழே இருந்த ஃபாக்டரியிலிருந்து வாடிய இலை வாசனை வந்துகொண்டிருந்தது. கலைச்செல்வியை வெளி வராந்தாவில், என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்காரவைத்தேன். போனில் வந்த கேள்விகளையே கேட்கவில்லை. மாற்றி, முறுக்கி, நடக்கிற விஷயமாகக் கேட்டேன்.

முதலில் போஜன்.

"ஒருத்தர் வந்து சத்தம் போடுறாரு. நீங்க என்ன செய்வீங்க?"

"மொதல்ல தண்ணி குடுப்பேனுங்க. நானும் ஒரு வாய் குடிப்பேன்" என்றார். "தண்ணி வாயில இருக்கறப்போ திருப்பிக் கத்த முடியாதுல்லங்க. கலை சொன்னது."

"கலை எப்ப சொன்னாங்க?"

"டீ நேரத்துலதானுங்க. மேல போய்ப் பாத்துட்டு வந்து, அன்னன்னைக்குப் பாடத்தை எங்களுக்குச் சொல்லிப்போடும். இல்லாட்டி யாராவது கேட்டா நாம முழிப்போம்னு பயம் அதுக்கு. நம்மூர் ஆளுங்களை வெச்சுக் கதையாச் சொல்லுங்க. நல்லா இருக்கும். வர்க்கி தீர்ந்தாலும் யாரும் எந்திரிக்க மாட்டோம்."

என் பாடத்தில் தண்ணீர் இல்லை. 'உணர்ச்சிகளைச் சமநிலையில் வைத்திருக்க வேண்டும்' என்று மட்டும் இருந்தது. சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் கொட்டாவி வந்த வரி.

அடுத்தடுத்து வந்தார்கள். தபால் பிரிக்கிற ஊழியர் தகவல் பாதுகாப்பைப் பற்றிச் சொன்னார். பாஸ்வேர்டு எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டுகளை எல்லோரும் கிழித்துவிட்டதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன், உண்மைதான், கோந்துத் தடம் மட்டும் இருந்தது. இன்னொருவர், பெண் ஊழியர்களைப் 'பாப்பா' என்று கூப்பிடுவதை மேலிடமே விட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு, யார் மேலிடம் என்று சொல்லாமல் கதவுப் பக்கம் பார்த்தார்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாடம் வார்த்தைக்கு வார்த்தை வரவில்லை. அதைவிட நன்றாக, வேலைக்கு ஆகிற மாதிரி வந்தது. எனக்குள் கோபம் இறங்கி வேறொன்று ஏற ஆரம்பித்தது. சந்தோஷம் என்றே சொல்லிவிடுகிறேன், இதில் என்ன வெட்கம்.

கடைசிக் கேள்வியாக ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டேன், கம்ப்யூட்டர் கொக்கி போட்ட கேள்வியை, வார்த்தை மாற்றி. விண்ணப்பத்தோடு தர வேண்டிய காகிதம் ஒன்று குறைகிறது. என்ன செய்வீர்கள்?

"வாங்கி வெச்சுக்கணுங்க" என்றார் போஜன். "குறையறதை அப்புறம் வாங்கிக்கலாம்."

"வாங்கி வெச்சுக்குவோமுங்க" என்றார் தபால் பிரிப்பவர். அடுத்தவரும். அதற்கடுத்தவரும். பாடத்தின்படி தப்பு. குறையை எழுதிக் கொடுத்து விண்ணப்பத்தை அப்போதே திருப்ப வேண்டும் என்பதுதான் விடை. கேள்வியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

கடைசியாகத் துரைசாமி வந்தார். உட்காரச் சொன்னேன். அதே கேள்வியைக் கேட்டேன்.

"திருப்பி அனுப்பக் கூடாதுங்க மேடம். எஸ்டேட்ல லீவு போட்டுட்டு, பஸ் மாறி வர்றாங்க. திருப்பினோம்னா இன்னொரு நாள் கூலி போயிரும். அதனால வாங்கி வெச்சுக்கிட்டு, மறுக்கா இந்தப் பக்கம் வர்றப்போ..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தான் யார் வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே கேட்டுவிட்டது.

"நீங்களும் பாடம் கேட்டீங்களா சார்?"

"டீ குடிக்கறப்போ காதுல உழுகுமுங்க" என்றார்.  பிறகு, "போனை நாந்தானுங்க முதல்ல அந்தப் பொண்ணு கையில குடுத்தேன். அதைப் பாத்துத்தான் மத்தவங்களும் குடுத்தாங்க. இதை எழுதிக்குங்க மேடம்" என்றார்.

எழுதிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி.

ஒன்பது பேர் ஒரே தப்பைச் செய்தால் காப்பி என்று கம்ப்யூட்டர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். போனும் இல்லாமல், கேள்வியும் மாறி, அதே தப்பு அதே காரணத்தோடு ஒவ்வொரு வாயிலிருந்தும் வந்தால் அதற்குப் பெயர் வேறு. அங்கே ஒருத்தி பாடம் நடத்தியிருக்கிறாள், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். வாத்தியார் தப்பாகச் சொன்னதும் சேர்ந்துதான் மனசில் நின்றிருக்கிறது.

தப்பு தப்புதான்

அதற்காக நான் கலைச்செல்வியைக் கொஞ்சவில்லை. உள்ளே கூப்பிட்டேன்.

"நீ சொல்லிக்குடுத்த ஒண்ணு தப்பு. எது தெரியுமா?"

"தெரியுங்க. அந்தக் குறையற காகிதம். ரிசல்ட் வந்தப்பவே பாத்தேன்."

"பார்த்தும் ஏன் மாத்திச் சொல்லல?"

"விடை சரியில்லைன்னு தோணுச்சுங்க" என்றாள். எத்தனை தைரியம் பாருங்கள்.

"வா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய், வாங்கி வைத்ததெல்லாம் எங்கே என்று கேட்டு, அவள் காட்டிய பீரோவின் கீழ்த்தட்டைத் திறக்கச் சொன்னேன். குறைக் காகிதத்துக்காக வாங்கி வைத்த விண்ணப்பங்கள் அங்கே ஒரு கட்டாகக் கிடந்தன. சிலவற்றின் ஓரம் ஈரத்தில் மஞ்சளாகியிருந்தது. "மறுக்கா இந்தப் பக்கம் வர்றப்போன்னு சொல்றியே, இவங்கல்லாம் வந்தாங்களா? ஆபீஸ் வாங்கிக்கிச்சு, வேலை நடக்குதுன்னு நம்பி ஊட்டுல உக்காந்திருப்பாங்க. திருப்பி அனுப்பினா ஒரு நாள் கூலி போகும். இங்க கிடந்தா பென்ஷனே போகும்."

அவள் மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பெயரைப் படித்தாள். தெரிந்தவர் போலிருக்கிறது. முகம் சுருங்கிவிட்டது. ஈரமான ஓரத்தை விரலால் நீவினாள்.

பிறகு மெதுவாக, "வாங்கியும் வெச்சுக்கலாம், என்ன குறையுதுன்னு அப்பவே சீட்டும் எழுதிக் குடுக்கலாம். ரெண்டையும் செய்யக் கூடாதுங்களா?" என்றாள்.

நாங்கள் கொடுத்த நான்கு விடைகளில் அது இல்லை. செய்யக் கூடாது என்றும் எந்த விதியிலும் இல்லை. நான் அங்கேயே துரைசாமியைக் கூப்பிட்டு, நாளை முதல் அப்படிச் செய்யுங்கள், அந்தக் கட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இந்த வாரமே கடிதம் போடுங்கள் என்றேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

இயக்குநரோடு ஒரு சண்டை

அறிக்கையில் நடந்தது அத்தனையும் எழுதினேன். கலைச்செல்வி ஒன்பது போனில் தேர்வு எழுதினாள் என்பதை மறைக்கவில்லை. மறைத்தால் மற்றதையும் யார் நம்புவார்கள்?

இயக்குநர் கூப்பிட்டார்.

"மேடம், நான் ஒரு பேர்தானே கேட்டேன். நீங்க ஒன்பது பேர் எழுதியிருக்கீங்க. பத்தாவதா நம்ம தலைமை அலுவலகத்தையும் எழுதியிருக்கீங்க."

"சிக்னல் இல்லாத எடத்துல போன்ல பாடம் வெச்சது நாமதானே சார்."

"ஆள்மாறாட்டம் நடந்ததா இல்லையா?"

"நடந்தது. அதுக்கு எல்லாருக்கும் எச்சரிக்கை குடுங்க, கண்காணிப்பாளருக்கு முதல்ல. ஆனா சார், ஆளுங்களை வளர்க்கணும்னுதானே இத்தனை கோடி வார்த்தை பேசறோம். வளர்க்கத் தெரிஞ்ச ஒரு ஆள் தானா முளைச்சு நிக்குது. அதைப் பிடுங்கிப் போட்டுட்டு அடுத்த மாசம் பயிற்றுநர் வேணும்னு விளம்பரம் குடுப்பீங்களா?"

"நீங்க சொல்றதைப் போட படிவத்துல கட்டம் இல்லை மேடம்."

"கட்டம் போடுங்க சார். கோடு கிழிக்கிறதுதானே நம்ம வேலை."

 அதிகம் பேசிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம், பேசினது பேசினதுதான் என்று விட்டுவிட்டேன். "பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் பார்த்தார். எல்லோர் கோப்பிலும் ஒரு எச்சரிக்கை ஏறியது. அந்த மாதிரி சிக்னல் இல்லாத ஆபீஸ்களுக்கு நேரடி வகுப்பு என்று சுற்றறிக்கை வந்தது, மலைப் பகுதிக்கு வகுப்பு எடுப்பவராகக் கலைச்செல்வி பெயர் இருந்தது. அந்தச் சுற்றறிக்கை வந்தும் நிரந்தர உத்தரவு மட்டும் வரக்காணோம். அவள் கேட்கவில்லை. நான்தான் தினமும் கோவைக்குப் போன் செய்து அவர்கள் உயிரை எடுத்தேன்.

முழுப் பேர்

உத்தரவு வந்த அன்று நானே அதை எடுத்துக்கொண்டு போனேன். தபாலில் விட மனசு வரவில்லை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கலைச்செல்வி நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். துரைசாமி பக்கத்தில் வந்து நின்று, "நல்லதுங்க கலை" என்றார். 

"மேடம், ஒரு கால் மணி நேரம் பர்மிஷன். அம்மா கீழ தோட்டத்துலதான் இருக்குது" என்றாள். நானும் வருகிறேன் என்று கூடவே இறங்கினேன்.

ஆபீஸுக்குக் கீழே யாரோ ஒரு சிறு விவசாயியின் தேயிலை. ஏழெட்டுப் பெண்கள் இடுப்புவரை செடிக்குள் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா மூன்றாவது நிரையில் இருந்தார். அறுபதை ஒட்டிய வயசு, தலையில் துணி, தோளில் பை. குழந்தையாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். ஆனாலும் பேச்சு இலங்கைத் தோட்டத்துப் பேச்சாகவே இருந்தது.

"அம்மா, நிரந்தரமாயிருச்சு" என்றாள் கலைச்செல்வி.

அந்த அம்மாவுக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார்.

"பேரு பதிஞ்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலிக் கணக்கு. நிரந்தரத் தொழிலாளியாகப் பேரைப் பதிவார்கள், பிடிக்காவிட்டால் வெட்டுவார்கள். அவருக்கு எந்த ஊரிலும் யாரும் பதிந்ததில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

"பதிஞ்சாச்சுங்கம்மா" என்றேன்.

"பெறகு வெட்ட மாட்டாங்களே?"

"வெட்ட முடியாதுங்கம்மா. டில்லியில இருந்து வந்தாலும் அவ்வளவு லேசா முடியாது."

அவர் தலையை ஆட்டினார். மகள் நீட்டிய காகிதத்தைத் தொடவில்லை, கையெல்லாம் இலைக் கறை. எட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைக்கச் சொன்னார். கலைச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். "சரி, அப்ப வா ஊட்டுக்குப் போலாம். சொன்னபடி இனி நீ பறிக்க வேண்டாம்" என்று பையைக் கழற்றப் போனாள்.

அம்மா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"நாளையிலருந்து வரல்ல. இப்ப வந்தா அரைப் பேருதான் போடுவான். இன்னைக்கு முழுப் பேரும் போட்டுட்டு வாறேன். நீ ஆபீசுக்குப் போ புள்ள" என்று சொல்லிவிட்டு, திரும்பி விட்ட இடத்திலிருந்து பறிக்க ஆரம்பித்தார்.